குவேக்கர்கள் யார்? தொப்பிக்கும் ஓட்ஸுக்கும் அப்பால்

மளிகைக் கடையில் ‘குவேக்கர்’ ஓட்ஸ் பாக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த முகம் பழக்கமானது: அகன்ற தொப்பி, தோள்வரை வெள்ளை முடி, லேசான புன்னகை. குவேக்கர்கள் என்பவர்கள் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அமெரிக்காவிலும் ‘குவேக்கர்’ என்றதும் பலர் மனத்தில் எழுவது இதே முகம்தான். அதோடு சில உதிரித் தகவல்களும் ஒட்டிக்கொண்டு வரும். குதிரை வண்டியில் போவார்கள், கரண்ட் பயன்படுத்தமாட்டார்கள், சண்டைக்குப் போகமாட்டார்கள், வாயே திறக்கமாட்டார்கள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி உண்மை. நான்காவது மிக மோசமான தவறு, ஏனென்றால் அமெரிக்க வரலாற்றில் குவேக்கர்களைவிடத் தொல்லை கொடுத்த சிறு கூட்டம் அதிகம் இல்லை.

இந்தக் குழப்பம் தீர, அவர்களுடைய உடையை விட்டுவிட்டு, அவர்கள் எப்படிக் கூடுகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும்.

## முதலில், யாரோடு குழப்பிக்கொள்கிறோம்?

குதிரை வண்டியும் கரண்ட் இல்லாத வீடும் ஆமிஷ் மக்களுடையவை. அவர்கள் 1690களில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் பிரிந்த வேறொரு கிறிஸ்தவ மரபு. அவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறக் காரணம், குவேக்கரான வில்லியம் பென் நிறுவிய அந்த மாகாணத்தில் மதச் சுதந்திரம் இருந்தது. ஒரே மாநிலம், இரண்டு கூட்டத்துக்கும் அகன்ற தொப்பி. குழப்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஷேக்கர்கள் இன்னொரு கூட்டம். 1774இல் ஆன் லீ என்ற பெண் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர்கள். மணம் செய்யாமல், சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்கள். அழகான எளிய மரச்சாமான்களுக்குப் பேர்போனவர்கள் இவர்களே. மாசசூசெட்ஸை ஆண்ட கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கூட்டமான பியூரிட்டன்களோ குவேக்கர்களின் எதிரிகள். பாஸ்டன் நகரில் 1659 முதல் 1661 வரை நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டவர்கள் அவர்கள். அந்த நால்வரில் ஒருவர் மேரி டயர். 1659இல் கழுத்தில் கயிறு போட்ட பிறகு மன்னித்து நாடு கடத்தினார்கள். திரும்பி வந்தால் மரணம் என்று தெரிந்தே அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். அவருடைய சிலை இன்று மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகை முன் உட்கார்ந்திருக்கிறது.

## எங்கிருந்து வந்தார்கள்?

1640களின் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சிதறிக் கிடந்தது. அரசன் யார், சபை யாருடையது என்று எல்லாமே கேள்விக்குள்ளான காலம். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இளைஞர், செருப்புத் தொழில் பழகியவர், ஊர் ஊராக நடந்து ஒன்றைச் சொன்னார்: கடவுளிடம் போகக் குருமார் தேவையில்லை, கட்டடம் தேவையில்லை, சடங்கு தேவையில்லை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது. அமைதியாகக் காத்திருந்தால் அது வழிகாட்டும். இதை உள்ளொளி என்பார்கள். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வரும், ‘உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி’ என்ற வரிதான் இதற்கு ஆதாரம்.

தங்களை அவர்கள் அழைத்துக்கொண்ட பெயர் ‘சிநேகிதர்’. இன்றும் அதிகாரப்பூர்வப் பெயர் சிநேகிதர் சபை என்பதுதான். ‘குவேக்கர்’, அதாவது நடுங்குகிறவர், என்பது ஏளனப் பெயர். 1650இல் டார்பி நகர நீதிபதி ஒருவர், ‘கர்த்தருடைய வார்த்தைக்கு முன் நடுங்குங்கள்’ என்று ஃபாக்ஸ் சொன்னதைக் கேட்டு அப்படி அழைத்தார் என்று ஃபாக்ஸே எழுதிவைத்திருக்கிறார்.

உள்ளொளியிலிருந்து நேராக ஒரு விளைவு கிளம்புகிறது. எல்லாருக்குள்ளும் அதே ஒளி என்றால், ஒருவர் முன் இன்னொருவர் ஏன் குனிய வேண்டும்? அக்கால இங்கிலாந்தில் பெரிய மனிதர் முன் தொப்பியைக் கழற்ற வேண்டும். பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்த நம்மூர் வழக்கத்தை நினைத்துக்கொண்டால், அந்தத் தொப்பியின் கனம் புரியும். குவேக்கர்கள் கழற்ற மறுத்தார்கள். பணக்காரரையும் நீதிபதியையும் மரியாதைப் பன்மையில் அழைக்காமல் ‘நீ’ என்றே பேசினார்கள். ‘தாழ்மையுள்ள ஊழியன்’ என்று கடிதம் முடிப்பதையும் விட்டார்கள்.

1670இல் வில்லியம் பென்னும் வில்லியம் மீட் என்பவரும் லண்டன் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வழக்கு மன்றத்துக்கு வந்தார்கள். உள்ளே வரும்போது யாரோ அவர்கள் தொப்பியை ஏற்கனவே கழற்றியிருந்தார்கள். நீதிபதிகள் அதைத் திரும்பத் தலையில் வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு தொப்பியோடு நிற்கிறார்கள் என்று அபராதம் போட்டார்கள். தீர்ப்புச் சொல்ல அமர்த்திய பொதுமக்கள் குழுவான ஜூரியின் உறுப்பினர்கள் தண்டிக்க மறுத்தபோது சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் பூட்டி வைத்தார்கள், அப்போதும் மசியவில்லை. அந்த ஜூரிகளில் ஒருவரான புஷெல் தொடுத்த வழக்கில், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி உறுதியானது. அமெரிக்க நீதிமன்றங்களின் ஜூரி முறையும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஓட்ஸ் பெட்டியில் சாந்தமாக இருக்கும் தொப்பி, தொடக்கத்தில் அடங்க மறுப்பதன் அடையாளம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எல்லாருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்பது நம்பிக்கை; அதனால் குருமார் இல்லை, மேல் கீழ் இல்லை; அதை உடலாலும் பேச்சாலும் காட்டியதால்தான் சிறையும் தூக்கும்.

## மௌனக் கூட்டம் எப்படி நடக்கிறது?

மரபான குவேக்கர் வழிபாட்டுக்கு ஆராதனைக் கூட்டம் என்று பெயர். கட்டடம் கோயில் போலவோ தேவாலயம் போலவோ இருக்காது. சிலுவை இல்லை, பீடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1804இல் கட்டிய ஆர்ச் தெருக் கூட்டமனைக்குப் போனால், நீண்ட மர பெஞ்சுகளும் உயரமான சாதாரண ஜன்னல்களும்தான் இருக்கும்.

எல்லாரும் வந்து உட்காருகிறார்கள். முதல் ஆள் உட்கார்ந்து அமைதியானதும் கூட்டம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. யாரும் அறிவிப்பதில்லை. சுமார் ஒரு மணி நேரம் அப்படியே போகும். முதல் 10, 15 நிமிடம் மனம் நிற்காமல் அலையும். அது தணிந்து எல்லாரும் சேர்ந்தே அமைதிக்குள் இறங்குவதுதான் நோக்கம். ஒருவருக்குள் ஏதோ ஒன்று தோன்றி, அது தனக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்குமானது என்று தெளிவானால் எழுந்து நின்று சொல்லலாம். ஆண், பெண், சிறுவர், விருந்தினர் யாராக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசுவது வழக்கமில்லை. பேசியவர் உட்கார்ந்ததும் மறுபடி மௌனம். பேச்சே இல்லாமல் முழு ஒரு மணி நேரம் முடிவதும் உண்டு. அதை யாரும் வீணான கூட்டம் என்று நினைப்பதில்லை. கடைசியில் இருவர் கைகுலுக்க, எல்லாரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கிக் கலைவார்கள்.

இது கெட்டுப்போகும் விதங்களும் நன்கு தெரிந்தவைதான். ஒருவர் பேசி முடித்த கையோடு அடுத்தவர் எழுந்தால் வழிபாடு விவாத மேடையாகிவிடும். அதனால் இருவர் பேச்சுக்கு நடுவே போதிய இடைவெளி விட வேண்டும். முந்தியவருக்குப் பதில் சொல்வது கூடாது. காலையில் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்த உரையை வாசிப்பதும், செய்தித்தாளில் படித்த அரசியலை ஆவேசமாகக் கொட்டுவதும், ஒரே ஆள் வாராவாரம் எழுவதும் கூட்டத்தை வற்றச் செய்யும். இதைக் கவனிக்க மூத்தவர்கள் சிலரை நியமிப்பார்கள். அவர்கள் கூட்டம் முடிந்தபின் தனியே அழைத்து மெதுவாகச் சொல்வார்கள். தனித் தியானம் என்று இதை நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். மௌனம் இங்கே கூட்டுச் செயல். அதில் ஒருவர் செய்யும் தவறு எல்லாரையும் பாதிக்கும்.

## வாக்கெடுப்பு இல்லாமல் முடிவு

என் கணிப்பில், குவேக்கர் வாழ்வின் உண்மையான இயந்திரம் ஞாயிறு காலைக் கூட்டத்தில் இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் இருக்கிறது.

ஓர் ஊரின் குவேக்கர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பணம், உறுப்பினர் சேர்க்கை, திருமணம், பொதுப் பிரச்சினைகள் எல்லாவற்றையும் பேசுவார்கள். அதனால் அந்த ஊர்ச் சபைக்கே மாதக் கூட்டம் என்று பெயர். பல மாதக் கூட்டங்கள் சேர்ந்தது காலாண்டுக் கூட்டம். அவையெல்லாம் சேர்ந்தது ஆண்டுக் கூட்டம். ஆண்டுக் கூட்டத்துக்கு மேல் போப்பும் இல்லை, பேராயரும் இல்லை. ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பதும் நீக்குவதும் பொதுவாக மாதக் கூட்டத்தின் கையில்தான். இந்த ஒரு விவரத்தை நினைவில் வையுங்கள். அமெரிக்க அதிபராக இருந்த நிக்சனைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கூட்டத்தை நடத்துபவர் கிளார்க். பெயரைப் பார்த்துக் குமாஸ்தா என்று நினைத்துவிடக் கூடாது. தலைமை தாங்குவது, குறிப்பெழுதுவது இரண்டும் அவர் பொறுப்பு. மௌனத்தில் தொடங்கும். கிளார்க் ஒரு விஷயத்தை முன்வைப்பார். பேச விரும்புபவர் கையை உயர்த்தியோ எழுந்தோ காத்திருப்பார். கிளார்க் அழைத்த பின் ஒரு முறை பேசுவார். ஒரே கருத்தைப் பத்துப் பேர் திரும்பச் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் யாரும் தலைகளை எண்ணப் போவதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கும் கிளார்க், கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று உணர்ந்து, அங்கேயே நாலைந்து வரியில் ஒரு குறிப்பு எழுதி வாசிப்பார். இதுதான் மினிட். ‘இதுதான் நாம் வந்தடைந்த இடமா?’ என்று கேட்பார். சரி என்றால் முடிவு. சொல் பொருந்தவில்லை என்றால் அங்கேயே திருத்துவார்கள். இப்படி உருவாகும் பொது ஒப்புதலைக் கூட்டத்தின் மனம் எனலாம்.

இது ஒருமித்த கருத்து என்பதிலிருந்து சற்று வேறுபட்டது. ஒருவருக்கு உடன்பாடில்லை, ஆனால் கூட்டம் போகும் வழியைத் தடுக்கவும் மனமில்லை என்றால், ‘ஒதுங்கி நிற்கிறேன்’ என்பார். அவர் பெயரை மினிட்டில் எழுதவும் கேட்கலாம். ‘இது தவறான வழி, என்னால் விடவே முடியாது’ என்று ஒருவர் நின்றால், பெரும்பாலும் விஷயத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பார்கள். அந்த ஒருவர் சொல்வதில் ஒளி இருக்கிறதா, பிடிவாதம் இருக்கிறதா என்று எடைபோடுவது கிளார்க்கின் கடினமான வேலை. திறமையில்லாத கிளார்க் கிடைத்தால் ஒரு பழைய கம்பளத்தை மாற்றுவதற்குக்கூட ஒரு வருடம் ஆகும்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே வரலாற்றில் தெரிகின்றன. 1688இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற குடியேற்றத்தில் நான்கு பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். ‘மற்றவர்கள் உனக்கு எதைச் செய்யக் கூடாதென்று நினைக்கிறாயோ அதை நீ செய்யாதே’ என்ற நெறியை வைத்து, மனிதரை அடிமையாக வைத்திருப்பது எப்படிச் சரியாகும் என்று கேட்டார்கள். வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு எதிராக எழுந்த முதல் எழுத்து மனு அதுதான். மாதக் கூட்டம் அதைப் படித்துவிட்டு, விஷயம் கனமானது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அதுவும் அப்படியே சொல்லி ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. ஆண்டுக் கூட்டம் முடிவெடுக்காமல் விட்டுவிட்டது. அந்தக் காகிதமே மறந்துபோய், 1844இல்தான் மறுபடி கண்ணில் பட்டது.

காரணம் மர்மமில்லை. கூட்டத்தில் செல்வாக்குள்ள பல குடும்பங்கள் அடிமைகளை வைத்திருந்தன. வில்லியம் பென்னும் வைத்திருந்தார். எல்லாரும் ஒத்துவரும்வரை காத்திருக்கும் முறையில், அநியாயத்தால் லாபம் பெறுபவருக்கும் தடுக்கும் கை கிடைத்துவிடுகிறது.

இந்தப் பூட்டை உடைக்க முயன்றவர்களில் பெஞ்சமின் லே மறக்க முடியாதவர். சுமார் நாலடி உயரம், கூன் முதுகு. 1738இல் பர்லிங்டன் நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குப் பெரிய கோட் போட்டு வந்தார். உள்ளே குடைந்த புத்தகம், அதற்குள் சிவப்புக் காய்ச்சாறு நிரப்பிய ஒரு விலங்கின் சிறுநீர்ப்பை. அடிமை வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் சிந்துவார் என்று முழங்கி, வாளால் அந்தப் புத்தகத்தைக் குத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள்மேல் சிவப்புச் சாறு தெறித்தது. சபை அவரைத் தன் உறுப்பினர் இல்லை என்று விலக்கியது.

ஜான் உல்மன் வேறு வழியில் போனார். நியூ ஜெர்சியைச் சேர்ந்த தையற்காரர். அடிமை வைத்திருக்கும் குவேக்கர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து பேசினார். அந்த வீடுகளில் தங்கும்போது, தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். விருந்தோம்பல் செய்தவருக்கு அதைவிடச் சங்கடமான காரியம் வேறில்லை. 1758இல் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்பவர்களை நிர்வாகக் கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைக்கவும், வீடு வீடாகப் பேச ஒரு குழுவை அனுப்பவும் முடிவு செய்தது. 1776இல், விடுவிக்க மறுப்பவர்களைச் சபையிலிருந்தே நீக்கியது. மனுவிலிருந்து இந்த முடிவுவரை 88 ஆண்டுகள்.

இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 88 ஆண்டுகள் என்பது, அதற்கிடையில் பிறந்து அடிமையாகவே இறந்தவர்களுக்கு ஒரு முழு வாழ்க்கை. அதே சமயம், முடிவு வந்தபோது அது முழுமையாக வந்தது. அன்று பெரிய அமெரிக்கத் திருச்சபைகள் எதுவும் தன் உறுப்பினர்களிடம் இப்படிக் கேட்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பல சபைகள் இதே கேள்வியில் வடக்கு, தெற்கு என உடைந்தன. குவேக்கர்கள் இதற்காக அப்படி இரண்டாகப் பிளக்கவில்லை.

## படம் எப்படி உருவானது?

இவ்வளவு முரண்டு பிடித்தவர்கள் எப்படி ஒரு சாந்தமான தாத்தாவாக மாறினார்கள்? மூன்று நான்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததுதான் காரணம்.

அடித்தளம் வியாபாரம். இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்ததால் கடை, வங்கி, தொழிற்சாலை என்று போனார்கள். சாக்லேட்டில் நமக்குத் தெரிந்த கேட்பரி குடும்பம் அப்படி வந்ததுதான். அமெரிக்கத் துறைமுகங்களிலும் இதே கதை. பேரம் பேசுவது, தொடக்கத்திலேயே பொய் விலை சொல்வதற்குச் சமம் என்று கருதி, ஒரே விலை வைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குச் சரக்கு வரும் என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். இந்த நம்பிக்கை வெறும் நற்குணத்தால் வந்ததல்ல. கடனைக் கட்டாமல் திவாலானவரை மாதக் கூட்டம் விசாரித்து, கவனக்குறைவு தெரிந்தால் சபையை விட்டே விலக்கும். பின்னணியில் அந்தக் கண்டிப்பு இருந்ததால்தான் பெயர் நிலைத்தது.

அதற்கு மேல் ஐரோப்பிய அறிஞர்கள் பூசிய வர்ணம். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் தன் இங்கிலாந்துக் கடிதங்களைக் குவேக்கர்களைப் பற்றித்தான் தொடங்கினார். பிரான்சில் அது ஒரு மோகமாகவே ஆனது. 1776இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தூதராகப் பாரிஸ் போனபோது, விக் இல்லாத தலையையும் ரோமத் தொப்பியையும் சாதாரண கோட்டையும் பார்த்து அவரையே குவேக்கர் என்று நம்பினார்கள். அவர் குவேக்கர் இல்லை. ஆனாலும் அந்தத் தவறான நம்பிக்கையை அவர் திருத்தவில்லை. ஃபிராங்க்ளின் நிறுவிய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கும் குவேக்கர் சபைக்கும் நிறுவன உறவு கிடையாது. அதன் விளையாட்டு அணிகளின் பெயரோ ‘குவேக்கர்ஸ்’.

1852இல் வந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவல், தப்பி வந்த அடிமைப் பெண்ணுக்கு அடைக்கலம் தரும் குவேக்கர் குடும்பத்தை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. உண்மையிலும் பலர் அடைக்கலம் தந்தார்கள். ஆனால் எல்லாக் குவேக்கர் வீடும் அப்படி என்பது மிகை. சட்டத்தை மீறலாமா என்பதில் சபைக்குள்ளேயே கடும் பிணக்கு இருந்தது. அடிமைகளை ரகசியமாகத் தப்பவைத்த வலையமைப்பின் பெரும் உழைப்பு கறுப்பின மக்களுடையது என்பதும் இந்தக் கதையில் மங்கிவிட்டது.

கடைசி அடுக்கு வணிகச் சின்னம். 1877இல் ஒஹையோ மாநிலத்தின் ரவென்னா ஊரில் இருந்த ஓட்ஸ் ஆலை, குவேக்கர் உடையணிந்த ஓர் ஆளின் உருவத்தைச் சின்னமாகப் பதிவு செய்தது. ஆலைக்கும் சபைக்கும் தொடர்பில்லை. நேர்மை, சுத்தம் என்ற பெயர் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். குவேக்கர்கள் பலர் அந்த உடையைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அது பெட்டியில் ஏறி நிலைத்தது. இன்று ஒரு குவேக்கர் தெருவில் போனால் உடையை வைத்து அடையாளம் காணவே முடியாது.

சினிமா இந்தப் படத்தை எடுத்து ஒரு கதை உத்தியாக்கியது. 1952இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில் நாயகனின் மனைவி குவேக்கர். கடைசியில் கணவனைக் காப்பாற்றத் துப்பாக்கி எடுத்துச் சுடுகிறாள். குவேக்கர் பாத்திரம் வந்தாலே ‘எப்போது உடைவார்?’ என்று பார்வையாளர் காத்திருக்கும் பழக்கம் இத்தகைய படங்களில் வலுத்தது. போர்க்களத்தில்கூட ஒரு சொல் உண்டு: மரக்கட்டைக்குக் கறுப்பு வண்ணம் பூசி எதிரியை ஏமாற்ற நிறுத்தும் பொய்ப் பீரங்கிக்கு அமெரிக்க ராணுவத்தினர் ‘குவேக்கர் பீரங்கி’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே அந்தப் படம் முழுப் பொய்யும் அல்ல. வியாபார நேர்மையும் அடிமை எதிர்ப்பும் உண்மை. அவற்றின் விளிம்புகளைத் தேய்த்து, பிறர் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

## குவேக்கர் என்றால் போருக்குப் போகமாட்டாரா?

1660களின் தொடக்கத்திலேயே, எல்லா வெளிப் போர்களையும் ஆயுதச் சண்டையையும் மறுக்கிறோம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னனுக்குக் குவேக்கர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதைச் சமாதானச் சாட்சியம் என்பார்கள். ‘சாட்சியம்’ என்பது இங்கே, நம்பிக்கையை வாழ்க்கையில் நடந்து காட்டுவது. சட்டமாக அதை யாரும் திணிப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் மனசாட்சியில் எதிர்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு போரிலும் கணிசமானோர் ஆயுதம் ஏந்தியிருக்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரின் தளபதி நத்தானியேல் கிரீன் குவேக்கர் வீட்டுப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் படைக்குப் போன குவேக்கர் இளைஞர்கள் ஏராளம்.

மறுத்தவர்கள் சும்மா இருந்ததில்லை. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய அதே மாதம், 1917 ஏப்ரலில், அமெரிக்கச் சிநேகிதர் சேவைக் குழு பிறந்தது. மனசாட்சியின் பேரில் போருக்குப் போகாதவர்கள் பிரான்சில் வீடு கட்டினார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் எதிரி நாடான ஜெர்மனியில் பட்டினிக் குழந்தைகளுக்கு உணவளித்தார்கள். உச்சத்தில் தினமும் சுமார் 10 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். இந்தக் குழுவுக்கும் அதன் பிரிட்டிஷ் சகோதர அமைப்புக்கும் 1947இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசை வாங்க ஒஸ்லோ போன ஹென்றி கேட்பரியிடம் விழாவுக்குரிய வால் கோட் இல்லை. போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பச் சேகரித்திருந்த துணிக் கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

அப்படியானால் ரிச்சர்ட் நிக்சன்? வியட்நாமில் குண்டு பொழிந்த அதிபர் எப்படிக் குவேக்கர் ஆவார் என்று அன்றும் கேட்டார்கள். பதில், குவேக்கர்கள் ஒரே கூட்டம் இல்லை என்பதில் இருக்கிறது. 1827இல் ஃபிலடெல்ஃபியாவில் சபை இரண்டாகப் பிளந்தது: உள்ளொளியே முதன்மை என்ற எலியாஸ் ஹிக்ஸ் பக்கம் ஒன்று, வேதாகமமும் கிறிஸ்துவின் மீட்புமே முதன்மை என்ற பக்கம் மற்றொன்று. பின்னாளில் மேற்கு மாநிலங்களில் இரண்டாம் பக்கத்திலிருந்து வளர்ந்த பல சபைகள் பாஸ்டர், பாடல், பிரசங்கம் என்று மற்றப் புராட்டஸ்டண்ட் சபைகளைப் போலவே ஆயின. கலிஃபோர்னியாவின் விட்டியர் ஊரில் நிக்சன் வளர்ந்தது அத்தகைய சபையில். அவர் இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரி. அவரை நீக்க வேண்டும் என்று வேறு ஊர்க் குவேக்கர்கள் வற்புறுத்தியும் முடியவில்லை. அந்த அதிகாரம் அவருடைய சொந்த ஊர்ச் சபைக்கு மட்டுமே உண்டு, அது நீக்கவில்லை. அதே காலத்தில் வாழ்ந்த இன்னொரு குவேக்கர் பேயர்ட் ரஸ்டின், கறுப்பின மக்களின் உரிமைக்கான 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்தவர், போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். இருவரும் ஒரே பெயருக்கு உரியவர்கள்.

இன்று உலகில் குவேக்கர்கள் மிக அதிகம் வாழும் நாடு கென்யா. 1902இல் அங்கே போன அமெரிக்க மிஷனரிகளிடமிருந்து வளர்ந்த சபைகள் அவை. அங்கே வழிபாட்டில் பாட்டும் பிரசங்கமும் உண்டு. ‘குவேக்கர் என்றால் மௌனம்’ என்பதே உலகக் கணக்கில் சிறுபான்மை வழக்கம்.

## நல்ல பெயர் மறைத்த தவறுகள்

நல்லவர் என்ற பெயர் கேள்வி கேட்பதைத் தடுக்கும். குவேக்கர்கள் முக்கியப் பங்கு வகித்த ஃபிலடெல்ஃபியா சிறைச் சீர்திருத்த இயக்கம், சாட்டையடிக்கும் தூக்குக்கும் பதிலாகத் தனிமையில் மனம் திரும்ப வாய்ப்புத் தர நினைத்தது. 1829இல் திறந்த கிழக்கு மாநிலச் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை, ஒரு பைபிள், கூரையில் சிறு வெளிச்சத் துளை. அறையை விட்டு வெளியே வரும்போது முகத்தை மூடும் உறை. ஆண்டுக்கணக்கில் சக கைதி ஒருவரின் முகம்கூடக் காணாமல் மனம் சிதைந்தவர்கள் உண்டு. 1842இல் பார்வையிட்ட சார்ல்ஸ் டிக்கன்ஸ், இது உடல் சித்திரவதையைவிடக் கொடியது என்று கண்டித்தார். தானே விரும்பி, பிறரோடு சேர்ந்து இருக்கும் மௌனம் வேறு. பூட்டிய அறையில் திணித்த மௌனம் வேறு. நல்ல எண்ணம் இந்த வித்தியாசத்தைக் காணவில்லை.

1869இல் அதிபர் கிராண்ட், பூர்வகுடி மக்களுக்கான அரசு முகமைகள் பலவற்றை நேர்மையானவர்கள் என்று குவேக்கர்களிடம் ஒப்படைத்தார். லஞ்சம் குறைந்தது உண்மையே. ஆனால் அவர்கள் நடத்திய பள்ளிகளும், மற்றச் சபைகளின் பள்ளிகளைப் போலவே, பிள்ளைகளின் மொழியையும் வழக்கத்தையும் அழித்தன. எல்லாருக்குள்ளும் ஒளி என்று சொன்னவர்கள், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் எதுவும் கேட்கவில்லை. அண்மைக் காலத்தில் குவேக்கர் அமைப்புகளே இந்த ஆவணங்களைத் தோண்டி எடுத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

## பெயர் தெரியாமல் எஞ்சியிருப்பவை

அமெரிக்கப் பொது வாழ்வில் குவேக்கர் தடம், தொப்பியில்லாத இடங்களில்தான் ஆழமாக இருக்கிறது. பதவியேற்பில் ‘ஆணையிடுகிறேன்’ அல்லது ‘உறுதி கூறுகிறேன்’ என்ற இரண்டு வாய்ப்புகளை நாமும் அறிவோம். ‘பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்’ என்ற இயேசுவின் சொல்லைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ய மறுத்ததற்காகவே ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் சிறை போனார்கள். 1696இல் ஆங்கிலச் சட்டம் அவர்களுக்காக உறுதிமொழி என்ற வழியைத் திறந்தது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனம் அந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

1848 ஜூலையில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட செனெகா ஃபால்ஸ் மாநாட்டைத் திட்டமிட்ட ஐந்து பெண்களில் எலிசபெத் ஸ்டாண்டன் தவிர நால்வரும் குவேக்கர் பின்னணி கொண்டவர்கள். அவர்களில் லுக்ரீஷியா மாட் சபையில் அங்கீகாரம் பெற்ற பிரசங்கி. ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்தில் பெண் எழுந்து பேசுவதே அவமானம் என்றிருந்த நாட்டில், அவர்களுக்கு அது சிறு வயது முதல் பழகிய வேலை. மினிட் எழுதவும் கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் தங்கள் பெண்கள் கூட்டங்களிலேயே கற்றிருந்தார்கள்.

திருமணமும் இப்படித்தான். குவேக்கர் திருமணத்தில் மணமுடித்து வைப்பவர் இல்லை. மௌனத்துக்கு நடுவே இருவரும் எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, தாங்களே வாக்களிப்பார்கள். பெரிய சான்றிதழ் ஒன்றில் அந்த வாக்குறுதியை எழுதி, வந்திருக்கும் எல்லாரும், குழந்தைகள் உட்பட, கையெழுத்திடுவார்கள். பென்சில்வேனியா மாநிலச் சட்டம் இதற்கென்றே தனி உரிமம் ஒன்றை வைத்திருக்கிறது: குருவோ நீதிபதியோ தேவையில்லை, மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். இன்று அந்த உரிமத்தைக் கேட்டு வருபவர்களில் எந்த மதத்தையும் சேராத இளைஞர்கள் நிறைய. குவேக்கர் கூட்டத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்களும் நண்பர் இருவரைச் சாட்சியாக வைத்து, பூங்காவிலோ வீட்டு முற்றத்திலோ, அந்த உரிமத்தில் மணம் முடித்துக்கொள்கிறார்கள்.